டிஸ்க் பிரேக் மாற்றிய பின் பெடல் கல்லாகக் கிடக்கிறது: மொரிஸ் மைனர் 1000

கொக்குவில்_மைனர் (யாழ்ப்பாணம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. அப்பா ஆசிரியராக இருந்த காலத்தில் வாங்கிய வாகனம். 1098 சிசி எஞ்சின், இரண்டு கதவு. முன் சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள் மாறி மாறிக் கசிந்துகொண்டிருந்தபடியால், ஒரேயடியாக முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, இங்கிலாந்திலிருந்து டிஸ்க், அதைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் கலிப்பர், பேட், தனியாகப் பொருத்தும் சேர்வோ (எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு கால் விசைக்கு உதவும் பூஸ்டர்) ஆகியவை அடங்கிய தொகுதியை வரவழைத்தேன். இங்குள்ள ஒரு கராஜில் நான்கு நாட்களில் பொருத்தித் தந்தார்கள். பின்பக்கம் பழைய டிரம் அப்படியே இருக்கிறது.

இப்போது பெடலை மிதித்தால் கருங்கல்லை மிதிப்பது போல இருக்கிறது. முன்பு பெடல் பாதித் தூரம் இறங்கியே பிரேக் பிடிக்கும். இப்போது ஒரு அங்குலம்கூட இறங்குவதில்லை, முழுப் பலத்தையும் கொடுத்தால்தான் வண்டி நிற்கிறது. சில வேளைகளில் சரியாகவே பிடிப்பது போலவும் தோன்றுகிறது, அது என் பிரமையா என்று தெரியவில்லை. இரண்டு தடவை காற்று எடுத்தாயிற்று, எங்கும் கசிவு இல்லை, புதிய டாட் 4 பிரேக் ஒயில்தான் ஊற்றியிருக்கிறது. இதே வேலைக்குப் பிறகு பெற்றோல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கிறது, இழுவையும் மந்தமாக இருக்கிறது. ஆனால் அது காபரேற்றர் விடயம், அதைப் பற்றிப் பிறகு தனியே எழுதுகிறேன். பெடலுக்கு வழி சொல்லுங்கள்.

வேகப்பிரியன் (சென்னை)

வணக்கம் நண்பரே. இது தெளிவாக பூஸ்டர் பழுது. அந்தத் தொகுதிகளில் வரும் சர்வோ மிகச் சிறியது. அதைக் கழற்றிவிட்டுப் பெரிய அளவில் ஒன்றைப் போடுங்கள். அதோடு மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர்) முக்கால் அங்குலத் துளை உள்ளதாக மாற்றிவிட்டால் பெடல் பஞ்சு போல ஆகிவிடும். என் நண்பர் ஒருவருடைய பழைய காரில் இப்படித்தான் சரி செய்தோம்.

கோவை_இயந்திரன் (கோயம்புத்தூர்)

கொக்குவில் நண்பருக்கு வணக்கம். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மாற்றி மாற்றிப் பாகம் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. பணம் தீர்ந்த பிறகும் நோய் என்னவென்று தெரியாமலே இருக்கும்.

'பெடல் கடினமாக இருக்கிறது' என்ற ஒரே புகாருக்குள் முற்றிலும் வேறான இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கும். ஒன்றில், பெடல் கடினமாக இருக்கும், கூடவே பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கும். சற்று தூரம் ஓட்டினால் சக்கரம் சூடேறும், பெடல் மேலும் மேலும் இறுகும். அது எண்ணெய் எங்கோ சிறைப்பட்டுத் திரும்பி வர முடியாமல் நிற்பதன் அடையாளம். மற்றொன்றில், சக்கரம் தாராளமாகச் சுற்றும், மிதித்தால் மட்டும் பெடல் இறங்காது, வண்டியும் நிற்காது. அது உதவி விசை வரவில்லை, அல்லது நெம்புகோல் கணக்கு தவறிவிட்டது என்பதன் அடையாளம். உங்களுடையது எது என்று முதலில் தெரிய வேண்டும். பஞ்சு போன்ற பெடலுக்குக் காரணம் குழாயில் உள்ள காற்று. கல் போன்ற பெடலுக்குக் காரணம் ஒருபோதும் அதுவல்ல. ஆகவே மூன்றாம் முறை காற்று எடுப்பதால் பயன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறும் பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. மைனரின் முன் சக்கரத்தில் இருந்தது சாதாரண டிரம் அல்ல. ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் வைத்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் இரண்டு ஷூக்களும் டிரம் சுழலும் திசையிலேயே தள்ளப்படும் அமைப்பு. டிரம் சுழலும்போது உராய்வே அந்த ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் மேலும் அழுத்தும். கதவிடுக்கில் ஆப்பு வைத்தால் கதவு தள்ளத் தள்ள ஆப்பு இறுகுவதைப் போன்றது இது. இப்படிப்பட்ட டிரம்மில், நாம் கொடுக்கும் அழுத்த விசையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நிறுத்தும் விசை கிடைக்கும். டிஸ்க்கில் இந்தச் சுய உதவி கிடையாது. இரண்டு பக்கத்துப் பேடையும் சேர்த்தாலும் அது 0.8 மடங்கு அளவில்தான் நிற்கும். கலிப்பரின் பெரிய பிஸ்டன்கள் அந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுகட்டும், மீதியை சர்வோ ஈடுகட்ட வேண்டும். ஆகவே சர்வோ வேலை செய்யாத டிஸ்க் மைனர், பழைய டிரம் மைனரைவிடக் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. சர்வோவே பழுதா, சர்வோவுக்கு உணவு போகவில்லையா என்பதுதான் கேள்வி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிச்சம் மீதி இருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பெடலை மிதித்தபடியே பிடித்துக்கொண்டு எஞ்சினைத் தொடங்குங்கள். சர்வோ நலமாக இருந்தால் காலடியில் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும்.

பருத்தித்துறைக்_கராஜ் (வடமராட்சி)

தம்பி, கோவை ஐயா சொன்னது சரி. நான் நாற்பது வருடத்துக்கு மேலாக மைனரும் ஒஸ்ரின் சோமர்செட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் பக்கம் போவதற்கு முன் வண்டியின் அடியில் ஒருக்கால் படுத்துப் பாருங்கள்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் மற்ற வாகனங்களைப் போலப் பொனற்றுக்குள் இல்லை, சாரதியின் காலடியில் சேசிஸின் நீளச் சட்டத்துக்குள் இருக்கிறது. பெடலும் கீழே உள்ள தண்டில்தான் ஆடுகிறது. கிறீஸ் காணாத தண்டும் புஷ்ஷும் துருப்பிடித்து இறுகி, அதைப் பிரேக் பிழை என்று நினைத்து ஆட்கள் பாகம் மாற்றியதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். பெடலைக் கையால் அசைத்து, முதல் சிறிய அசைவு இலேசாக இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி கட்டாயம் வேண்டும், ஒரு அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வராது, ஒயில் திரும்பும் சின்னத் துவாரம் மூடியே கிடக்கும், ஓடி ஓடிச் சூடேறிய ஒயில் விரிந்து பிரேக்கைத் தானே பிடித்துவிடும்.

அடுத்தது, மாஸ்டர் சிலிண்டரின் முனையில் டிரம்முக்கென்று ஒரு சின்ன வால்வு இருக்கும். அது குழாயில் எப்பொழுதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிறிங் இருப்பதால் அது தீங்கு செய்யாது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிறிங் இல்லாததால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் போடும்போது அந்த வால்வைக் கழற்ற வேண்டும். கராஜ்காரர் கழற்றினாரா என்று கேளுங்கள். அதைக் கழற்றுவதற்கு மாஸ்டர் சிலிண்டரை வெளியே எடுக்க வேண்டும், டொர்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும், அரை நாள் வேலை. அதனாலேயே பலர் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

ஒயிலையும் கவனியுங்கள். ஒருமுறை ஒருவர் பிரேக் ஒயில் கிடைக்காத நேரத்தில் எஞ்சின் ஒயிலை ஊற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த றப்பர் எல்லாம் ஊறி, முழங்கால் வீங்கியது போல வீங்கிக் கிடந்தது. நான்கு சக்கரமும் பிடித்தபடி, தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

கொக்குவில்_மைனர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை முழுவதும் இதிலேயே இருந்தேன்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலை மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன்; இரண்டும் தாராளமாகச் சுற்றுகின்றன. மூன்று மைல் ஓடிவிட்டு வந்து டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டு சென்றபோதும் மிதமான சூடுதான். பெடல் தண்டு இலேசாக ஆடுகிறது, தள்ளுகம்பியில் இடைவெளி இருக்கிறது. கராஜ்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அந்த வால்வை எடுத்துவிட்டதாகவும், எடுத்த வால்வைப் பையில் போட்டு டிக்கியில் வைத்திருப்பதாகவும் சொன்னார். பார்த்தேன், இருக்கிறது. ஆகவே எனது நோய், கோவை ஐயா சொன்ன இரண்டாவது வகை.

எஞ்சின் சோதனையில்தான் குழப்பம். பெடலை மிதித்தபடி எஞ்சினைத் தொடங்கினேன். பெடல் இம்மியும் இறங்கவில்லை. சர்வோ செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் எஞ்சின் அணைந்துவிடும் போல இருந்ததால், பக்கத்தில் இருந்த தம்பியிடம் காபரேற்றரின் கம்பியைச் சற்று இழுக்கச் சொன்னேன். எஞ்சின் வேகமெடுத்ததும் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது! மூன்று தரம் செய்து பார்த்தேன், மூன்று தரமும் அப்படித்தான். இது எப்படி?

ஜீப்பு540 (மதுரை)

சர்வோ உயிரோடுதான் இருக்கிறது, சோறுதான் போகவில்லை என்று நினைக்கிறேன். என்னுடைய டீசல் ஜீப்புக்கு டிஸ்க்கும் பூஸ்டரும் போட்டபோது எனக்கும் இதே கதைதான் நடந்தது. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் தகடு காற்றை மறிப்பதால் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) வெற்றிடம் தானாகக் கிடைக்கும். டீசலில் அப்படி மறிக்கும் தகடு கிடையாது, வெற்றிடமும் கிடையாது. அது தெரியாமல் மேனிஃபோல்டில் துளை போட்டுக் குழாய் மாட்டிவிட்டு, பூஸ்டர் கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். கடைசியில், பின்பக்கத்தில் வேக்கும் பம்ப் பொருத்திய ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகுதான் பெடல் இறங்கியது. உங்களுடையது பெட்ரோல் வண்டி, ஆகவே வெற்றிடம் இருக்கும். ஆனால் ஐடிலிங்கில் இல்லாமல், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் வருவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

லெஸ்டர்வாசி (இங்கிலாந்து)

தம்பி கொக்குவில், உங்களுடைய முதற் பதிவைத் திரும்ப வாசியுங்கள். பெற்றோல் கூடக் குடிக்கிறது, இழுவை மந்தம், அது வேறு விடயம் என்று எழுதியிருந்தீர்கள். அது வேறு விடயம் அல்ல என்பது என் ஊகம்.

சேர்வோவின் வெற்றிடக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் எஞ்சினில் எஸ்யு எச்எஸ்2 காபரேற்றரின் உடலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்பொறியைப் பகிர்ந்து கொடுப்பது) ஒரு மெல்லிய குழாய் போகும். மைனரின் மனிஃபோல்டில் வெற்றிடம் எடுக்க ஆயத்தமான துவாரம் கிடையாது என்பதால், 'வெற்றிடம் இங்கே இருக்கிறதே' என்று அந்த மெல்லிய குழாயில் ஒரு டீ இணைப்பைப் போட்டு சேர்வோவுக்குக் கொடுத்துவிடுவது இங்கும் நான் கண்ட பிழைதான்.

அந்தத் துவாரம் த்ரொட்டில் தகட்டின் விளிம்புக்கு நேரே துளைக்கப்பட்டது. தகடு மூடியிருக்கும்போது துவாரம் தகட்டுக்கு வெளிப்புறமாக, அதாவது வெளிக்காற்றின் பக்கம் நிற்கும். அங்கே வெற்றிடம் ஏறக்குறைய இல்லை. அக்சிலரேட்டரைச் சற்று மிதித்துத் தகடு திறந்தவுடன்தான் துவாரம் எஞ்சின் பக்கமாகி வெற்றிடத்தைக் காணும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அப்படித்தான் வேண்டும். ஐடிலில் மின்பொறி விழும் நேரத்தை முன்னே தள்ள வேண்டியதில்லை, சீராக ஓடும்போது தள்ள வேண்டும். ஆனால் பிரேக்குக்கு இது நேர் எதிர். பிரேக்கை மிதிக்கிறோம் என்றாலே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டோம் என்று பொருள். எந்த நொடியில் சேர்வோவுக்கு வெற்றிடம் தேவையோ அந்த நொடியில் அந்தத் துவாரம் அடைபட்டுவிடுகிறது. முன்னர் ஓடியபோது ஒருவழி வால்வுக்கு அப்பால் சேமித்து வைத்த வெற்றிடம் ஒரு மிதிக்கு உதவும், இரண்டாம் மிதிக்குத் தீர்ந்துவிடும். 'சில வேளைகளில் சரியாகப் பிடிப்பது போல' என்று நீங்கள் எழுதியது பிரமை அல்ல.

அந்தத் துளையும் குண்டூசி அளவுதான். அதன் வழியாக சேர்வோவின் வயிற்றை நிரப்ப வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டரின் சவ்வையும் இழுக்க வேண்டும். பொறி முன்னேறுவது தாமதிக்கும். இழுவை மந்தமாகும், பெற்றோல் கூடும்.

கொக்குவில்_மைனர்

ஐயா, நீங்கள் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் குழாயை நடுவில் வெட்டி, மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்ரிக் டீ ஒன்றைச் செருகி, அங்கிருந்துதான் சேர்வோவுக்குக் குழாய் போகிறது.

நண்பர் ஒருவரிடம் வெற்றிட அளவி இரவல் வாங்கி, ஒருவழி வால்வுக்கும் சேர்வோவுக்கும் இடையில் இணைத்தேன். தொடங்கியவுடன் ஐடிலில் 2 அங்குலப் பாதரசம். அக்சிலரேட்டரைச் சற்றுக் கொடுத்துப் பிடித்தால் மெல்ல மெல்ல ஏறி 15 வரை வருகிறது. காலை எடுத்தாலும் 15இல் நிற்கிறது, ஆகவே ஒருவழி வால்வு சரி. ஒருக்கால் பிரேக்கை மிதித்து விட்டவுடன் 7க்கு இறங்குகிறது, மறுபடி மிதித்தால் 3. அதற்குப் பிறகு ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஏறவே இல்லை.

கோவை_இயந்திரன்

அருமையான அளவீடு. ஓர் அங்குலப் பாதரசம் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய அரை பவுண்டு அழுத்தம். ஏழு அங்குல விட்டமுள்ள சவ்வு என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 38 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். 18 அங்குல வெற்றிடத்தில் அது ஏறக்குறைய 340 பவுண்டு விசையைத் தரும். 3 அங்குலத்தில் 57 பவுண்டுதான். பெடல் கல்லாக இருந்ததன் காரணம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிறது.

வேகப்பிரியன் நண்பரின் யோசனைக்கும் ஒரு வார்த்தை. பெரிய சர்வோ போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், ஏனென்றால் அதே குண்டூசித் துளை இன்னும் பெரிய வயிற்றை நிரப்ப வேண்டியிருக்கும்.

வேகப்பிரியன்

சர்வோ விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் துளையைக் குறைத்தால் பெடல் இலேசாகும் என்பது தவறா? பல கார்களில் அப்படிச் செய்கிறார்களே.

கோவை_இயந்திரன்

தவறில்லை, ஆனால் அதற்கு விலை உண்டு. மைனரில் இருப்பது எட்டில் ஏழு அங்குலத் துளை; பரப்பு 0.60 சதுர அங்குலம். முக்கால் அங்குலத்தின் பரப்பு 0.44. அதே கால் விசைக்கு 36 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே அளவு எண்ணெயைத் தள்ளப் பெடலும் 36 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். டிரம்மின் சிறிய வீல் சிலிண்டரைவிடக் கலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதுவே கூடுதல் எண்ணெய் கேட்கும். பின் டிரம்மின் ஷூ சற்றுத் தளர்ந்திருந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். மைனரில் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி கிடையாது. பெடல் தரையைத் தொட்டால் கைப்பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. சர்வோ இல்லாமல் டிஸ்க் ஓட்ட விரும்புபவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சர்வோ இருக்கும்போது துளையைக் குறைப்பது, விளக்குத் திரியைத் தூண்டாமல் கண்ணாடியை மாற்றுவது போன்றது.

லெஸ்டர்வாசி

இனி செய்ய வேண்டியது இன்லெட் மனிஃபோல்டில் நேராக வெற்றிடம் எடுப்பது. உங்கள் எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸோஸ்ற்றும் ஒரே இரும்பு வார்ப்பு. அதைக் கழற்றாமல் வண்டியிலேயே துளைக்க எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். இரும்புத் தூள் நேராக வால்வுக்கும் சிலிண்டருக்கும் போகும். கழற்றி, காபரேற்றர் உட்காரும் இடத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் பிரியும் நடுப்பகுதியில், மேற்புறமாகத் துளைத்து மரை வெட்டுங்கள். மேற்புறம் என்பது முக்கியம். பக்கவாட்டிலோ கீழேயோ துளைத்தால் மனிஃபோல்டில் படியும் பெற்றோல் குழாய்க்குள் இறங்கும். திரும்பப் பூட்டும்போது புதிய கஸ்கெற் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் குழாயை முன்பிருந்தபடி டீ இல்லாமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.

துளைக்க மனம் வராவிட்டால், காபரேற்றருக்கும் மனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கும் அலுமினியத் துண்டு ஒன்றை லேத்தில் கடையச் செய்து அதில் குழாய்முனை வைக்கலாம். ஆனால் காபரேற்றர் அந்தத் தடிப்பளவு நகரும், த்ரொட்டில் கம்பியும் காற்று வடிகட்டியும் ஒத்துவர வேண்டும்.

ஒரு சிறு புறக்குறிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள். மைனரின் தளத்திலேயே செய்யப்பட்ட வூல்ஸ்லி 1500, ரைலி 1.5 ஆகியவற்றின் ஒன்பது அங்குல முன் டிரம்கள் மைனருக்குப் பொருந்தும். நான் இருபது வருடமாக அவற்றோடுதான் ஓடுகிறேன். சேர்வோவும் வேண்டியதில்லை, இந்தத் தலைவலியும் இல்லை. ஆனால் உதிரிப்பாகம் தேடுவது இப்போது கடினம், ஆகவே டிஸ்க் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

கொக்குவில்_மைனர் (ஆறு நாட்களின் பின்)

மனிஃபோல்டைக் கழற்றித் துளைத்து, பித்தளையில் குழாய்முனை கடைந்து பூட்டியாயிற்று. ஐடிலில் 18 அங்குலம் நிற்கிறது. பெடலை மிதித்துக்கொண்டு எஞ்சினைத் தொடங்கினால் உடனே காலடியில் இறங்குகிறது. வீட்டு ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தேன், இது வேறொரு வாகனம்.

ஆனால் மகிழ்ச்சி கீரிமலை வரைதான் நிலைத்தது. நேற்று அங்கே போய்த் திரும்பி வரும்போது, நண்பகல் வெயிலில், சந்திகளில் அடுத்தடுத்துப் பிரேக் பிடித்தால் இரண்டாவது மூன்றாவது மிதி மறுபடி இறுகுகிறது. அரை நிமிடம் விட்டு மிதித்தால் சரி. வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறிய பின் ஒரு குறையும் இல்லை. சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

பருத்தித்துறைக்_கராஜ்

தம்பி, வெற்றிடத்துக்கு எந்தக் குழாயைப் போட்டிருக்கிறீர்கள்? ஹீற்றருக்குப் போடும் தண்ணீர்க் குழாயா? எஞ்சின் சூடாக இருக்கும்போது பொனற்றைத் திறந்து, ஒருவரைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லி, குழாயையே பாருங்கள். வளைவில் சப்பையாகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர்க் குழாய் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது, உள்ளே உறிஞ்சுவதைத் தாங்க அல்ல. குளிராக இருக்கும்போது விறைப்பாக நிற்கும், சூட்டில் இளகிப் படுத்துவிடும்.

கொக்குவில்_மைனர்

ஐயா சொன்னது கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. காபரேற்றருக்குப் பின்னால் எக்ஸோஸ்ற்றை ஒட்டி வளையும் இடத்தில், பெடலை மிதித்து விடும் ஒவ்வொரு தரமும் குழாய் வாயை மூடுவது போலச் சப்பையாகிறது. அளவியையும் வைத்துப் பார்த்தேன். குளிரில் ஒரு மிதிக்குப் பின் முள் உடனே 18க்குத் திரும்புகிறது; சூட்டில் அதே இடத்துக்கு வர எட்டு ஒன்பது விநாடி எடுக்கிறது. முடிவில் 18 வருவதால், வெறுமனே எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

நுவரெலியா_சாரதி (மலையகம்)

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன், நல்ல பயன். எனக்கும் ஒரு சந்தேகம். எங்களிடம் உள்ள பழைய கார் ஒன்றுக்கு இதே போலச் சேர்வோ உண்டு. கம்பளையில் நன்றாக இருக்கும் பெடல், றம்பொடை ஏறி நுவரெலியா வந்ததும் சற்று இறுகியது போல இருக்கிறது. குழாய், வால்வு எல்லாம் பார்த்தாயிற்று. இதுவும் பிழையா, இயற்கையா?

கோவை_இயந்திரன்

இயற்கைதான், ஐயா. வெற்றிடம் என்று நாம் சொல்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. சவ்வைத் தள்ளுவது வெளிக்காற்றுதான். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா 1,868 மீட்டர், அதாவது ஆறாயிரம் அடிக்கு மேல். யாழ்ப்பாணத்தில் 18 காட்டும் எஞ்சின் அங்கே 12 அளவில்தான் காட்டும். சர்வோவின் உதவி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எங்கள் ஊட்டியில் இதைவிடச் சற்று அதிகம்.

இறக்கத்தில் ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குபவர்களை நான் பர்லியாறு வழியில் கண்டிருக்கிறேன். எஞ்சின் நின்றால் சேமிப்பில் உள்ள வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதன் பின் வெறும் கால் பலம்தான். இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் ஐடிலிங்கைவிடக் கூடுதலான வெற்றிடமே கிடைக்கும். எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும், சர்வோவும் நிறைந்திருக்கும்.

நுவரெலியா_சாரதி

நன்றி ஐயா. எஞ்சினை அணைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு உண்டு. இதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

கொக்குவில்_மைனர் (பத்து நாட்களின் பின்)

பிரேக் சேர்வோவுக்கென்றே செய்யப்பட்ட, உள்ளே துணி நெய்த தடித்த குழாயைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். எக்ஸோஸ்ற்றிலிருந்து நான்கு விரல் அகலம் தள்ளி, பிடிகளால் இறுக்கி, ஒருவழி வால்வின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கும்படி பூட்டியிருக்கிறது. சூட்டிலும் குளிரிலும் முள் உடனே திரும்புகிறது. நேற்று மறுபடியும் அதே நண்பகலில் கீரிமலைக்குப் போய் வந்தேன். பத்துத் தடவை அடுத்தடுத்து மிதித்தும் பெடல் இறுகவில்லை.

இன்னும் ஒரு சிறிய விறைப்பு இருந்தது. லெஸ்டர் ஐயா தனிமடலில் சொன்னபடி, ஆளில்லாத நேரான வீதியில் முப்பது மைல் வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் விட்டு, ஆறவிட்டு, இப்படி இருபது தரம் செய்து புதிய பேடை டிஸ்க்கோடு பழக்கினேன். அதன் பிறகு அந்த விறைப்பும் போய்விட்டது. அப்பா இன்று ஓட்டிப் பார்த்தார். முன்பைவிடக் கால் இலேசாகப் போகிறது, ஆனால் பழைய டிரம்மைப் போல 'உள்ளே இழுத்துக்கொண்டு போகும்' உணர்வு இல்லை என்றார். கோவை ஐயா எழுதிய ஆப்புக் கதையைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

காபரேற்றரைப் பற்றித் தனியே எழுதுவேன் என்று தொடக்கத்தில் சொல்லியிருந்தேன். அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. மீன்தொட்டி டீயைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழுக் குழாய் போட்ட அன்றே இழுவை திரும்பிவிட்டது. இந்தக் கிழமை பெற்றோல் கணக்கும் பழையபடி ஆகிவிட்டது. டீ இப்போது மருமகனின் மீன்தொட்டியில் இருக்கிறது.

பருத்தித்துறைக்_கராஜ்

நல்லது தம்பி. ஆயிரம் மைல் ஓடிய பின் பின்பக்க டிரம்மின் ஷூவை ஒருக்கால் இறுக்கிவிடுங்கள், புதிய முன் பிரேக்கைப் பார்த்துக்கொண்டு பின்னால் இருப்பதை மறந்துவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டரின் மூடி தரைவிரிப்புக்குக் கீழே இருக்கிறது, திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள்.